நிறத்தை மாற்றலாம், உண்மையை மறைக்கலாமா?

இரு சக்கர வாகனத்தின் நிறம் அலுத்துப்போனால் பெயின்ட் அடிக்கும் பட்டறைக்குச் செல்வது முன்பு வழக்கம். இன்றைய இளைஞர்கள் ஸ்டிக்கர் கடைக்குச் செல்கிறார்கள். ஆரணி போன்ற சிறு நகரங்களும் இதற்கு விலக்கில்லை. பெட்ரோல் டேங்க், பக்கவாட்டு மூடி, மட்கார்டு ஆகியவற்றின் மீது வினைல் படலத்தை ஒட்டினால், காலையில் கறுப்பாக இருந்த வண்டி மாலையில் சாம்பல் நிறத்திலோ பளபளப்பற்ற நீலத்திலோ வீடு திரும்புகிறது. வீட்டுப் பெரியவர்கள் இதை வீண்செலவு என்கிறார்கள். வாகனத் தணிக்கையில் நிற்பவர்களோ விதிமீறல் என்று சந்தேகிக்கிறார்கள். பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் வேறொரு கேள்வி முக்கியமாகப் படுகிறது: இந்தப் படலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது யாருக்குத் தெரியும்?

திரும்பப் பெறக்கூடிய முடிவு

வினைல் படலம் என்பது நெகிழ்வூட்டப்பட்ட பிவிசி பிளாஸ்டிக். இதில் இரண்டு வகை உண்டு. திரவ நிலையில் வார்த்து உலர்த்தப்படும் படலம் சுமார் 50 மைக்ரான் தடிமன் கொண்டது, டேங்கின் வளைவுகளில் சுருக்கமின்றிப் படியும், விலை அதிகம். சூடான உருளைகளுக்கு இடையே அழுத்தித் தயாரிக்கப்படும் படலம் அதைவிடத் தடிமனானது, மலிவானது. ஆனால், நாளடைவில் சுருங்கி ஓரங்களில் பெயரத் தொடங்கும். எதுவாயினும், வெப்பக் காற்றால் சூடேற்றினால் உரித்தெடுத்துவிடலாம். அடியில் ஆலை அடித்த பெயின்ட் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

இதன் பொருளியல் மதிப்பை ஜெர்மனியின் டாக்சி உரிமையாளர்கள் முன்பே உணர்ந்தனர். அங்கே டாக்சிகள் வெளிர் தந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த நிறத்துக் காரைப் பழைய கார் சந்தையில் விற்பது கடினம். எனவே, 1990களில் வேறு நிறக் காரை வாங்கி, அதன் மீது தந்த நிறப் படலத்தை ஒட்டி ஓட்டினார்கள், விற்கும்போது உரித்தெடுத்தார்கள். திரும்பப் பெற முடியாத முடிவைத் தள்ளிப்போடும் வாய்ப்புக்கே ஒரு விலை உண்டு என்று கென்னத் ஆரோவும் ஆண்டனி ஃபிஷரும் 1974இல் எழுதிய கட்டுரையில் நிறுவினர். அவர்கள் பேசியது இயற்கை வளங்களைப் பற்றி. ஆனால், தவணையில் வண்டி வாங்கி, இரண்டு மூன்று ஆண்டுகளில் அதை விற்க நினைக்கும் இளைஞரின் கணக்கும் அதே தர்க்கத்தைத்தான் பின்பற்றுகிறது. ஆகவே, இதை வீண்செலவு என்று ஒதுக்கிவிட முடியாது.

மறைவில் இருக்கும் சிக்கல்

பெயின்ட் மீது படலம் ஒட்டினால் பெயின்ட் பாதுகாக்கப்படும். கீறல், துரு, விபத்தில் நசுங்கி மாவு பூசி நிரப்பிய இடம் ஆகியவற்றின் மீது ஒட்டினால் அவையும் அதே அழகோடு மறைந்துவிடும். மட்டமாக மறுபெயின்ட் செய்யப்பட்ட வண்டியில் படலத்தை உரித்தால் பெயின்ட்டும் சேர்ந்தே பெயர்ந்துவரக்கூடும். அது தெரியவரும்போது வண்டி கைமாறியிருக்கும்.

பழைய வாகனச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டுதான் ஜார்ஜ் அகர்லோஃப் 1970இல் தன் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். பிற்காலத்தில் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அதுவும் காரணமாயிற்று. விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாதபோது, வாங்குபவர் எல்லா வண்டிகளையும் சந்தேகித்து விலையைக் குறைத்துக் கேட்பார்; நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமின்றிச் சந்தையிலிருந்து விலகுவார்; மிஞ்சுவது பெரும்பாலும் குறையுள்ள வண்டிகள். இதுதான் அவர் வாதத்தின் சாரம். நம் ஊர்களில் பழைய வண்டி வாங்குபவர் யார்? நெசவாளி, கட்டிடத் தொழிலாளி, கடைப் பணியாளர். ஒரு படலத்தின் விலை அவர்களுக்குப் பல மாதச் சேமிப்பாக முடியக்கூடும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றுக்கு மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதைக் கண்டிப்புடன் உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க வழிசெய்தது. ஆனால், மாற்றம் என்பது வாகனத்தின் அடிப்படை அம்சத்தைப் பாதிக்கும் கட்டமைப்பு மாற்றம் என்றே 52ஆவது பிரிவின் விளக்கம் வரையறுக்கிறது. 50 மைக்ரான் படலம் கட்டமைப்பு மாற்றமாகுமா? ஆகாது என்றே சாதாரண வாசிப்பில் தோன்றும். எனினும், நிறமும் பதிவில் இடம்பெறும் விவரம். ஆக, படலம் ஒட்டியவர் தணிக்கை செய்பவரின் மனநிலையை நம்பியே வண்டி ஓட்ட வேண்டியிருக்கிறது.

தெளிவாக உள்ள விதிகளும் உண்டு. ராணுவ வாகனங்களுக்கு உரிய ஆலிவ் பச்சையை மற்ற வாகனங்களுக்குப் பூசக் கூடாது என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121ஆவது விதி. ஊடகம், காவல் துறை போன்ற அடையாளங்களைத் தகுதியின்றி ஒட்டிக்கொள்வோர் மீது 2024 மே மாதம் சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை நடவடிக்கை தொடங்கியதும் நியாயமானதே. இரண்டிலும் குற்றம், வண்டி தன்னைப் பற்றிப் பொய் சொல்வது. நிறம் மாற்றத்துக்கும் இந்த அளவுகோலே போதும்.

பட்டுச் சந்தை சொல்லும் பாடம்

ஆரணிக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. செயற்கை இழைச் சேலையும் அசல் பட்டும் அருகருகே இருந்தால், ஒரு நூலை எரித்து முடி கருகும் வாசனை வருகிறதா என்று பார்க்காமல் சாதாரண வாடிக்கையாளரால் வேறுபாடு காண்பது கடினம். பட்டுச் சேலை உள்ளிட்டவற்றைக் கைத்தறிக்கு ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும், விசைத்தறியின் ஊடுருவல் நிற்கவில்லை என்பதே நெசவாளர்களின் தீராத புகார். மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004இல் வந்த ‘சில்க் மார்க்’ முத்திரை வேறு வழியில் சென்றது. அது செயற்கை இழைச் சேலையைத் தடை செய்யவில்லை. அசல் பட்டு எது என்பதை வாங்குபவருக்குச் சொன்னது. கைத்தறியா விசைத்தறியா என்பதை அது சொல்லாது. ஆனாலும், சந்தைக்கு வந்த ஒரு சந்தேகத்தையேனும் அது தீர்த்தது.

வாகன நிறத்துக்கும் இந்த வழியே பொருந்தும். முதலாவதாக, படலத்தால் நிறம் மாற்றியவர் பரிவாகன் தளத்தில் சிறு கட்டணம் செலுத்தி, புகைப்படத்துடன் தாமே அறிவிக்கலாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை. இரண்டாவதாக, ஸ்டிக்கர் கடைகள் வாகன எண்ணும் படல வகையும் குறித்த ரசீது தர வேண்டும். மூன்றாவதாக, உரிமை மாற்றத்துக்கான 29, 30ஆம் எண் படிவங்களில், வண்டியின் மீது படலம் ஒட்டப்பட்டுள்ளதா என்ற ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். எண் பலகை, விளக்கு, ஒளிதிருப்பி ஆகியவற்றின் மீது எதையும் ஒட்டுவதற்கான தடை தொடர வேண்டும்.

திருடர்கள் அறிவிப்பார்களா என்று கேட்கலாம். மாட்டார்கள். அதனால்தான் அறிவிப்பு தேவை. நேர்மையானவர்கள் பயந்து அறிவிக்காமல் இருக்கும் இன்றைய நிலையில், பதிவில் உள்ள நிறமும் சாலையில் காணும் நிறமும் வேறுபடுவது காவலருக்கு எதையும் உணர்த்துவதில்லை. நேர்மையானவர்கள் எளிதாக அறிவிக்கும் நிலை வந்தால், அறிவிக்கப்படாத வேறுபாடு விசாரணைக்குரிய தடயமாகிவிடும். கட்டணமும் காத்திருப்பும் அதிகமானால் இந்தப் பயன் கிடைக்காது. யாரும் அறிவிக்க முன்வர மாட்டார்கள்.

இந்த ஏற்பாடு வரும்வரை, பழைய வண்டி வாங்குவோர் டேங்கின் அடிப்பக்கத்தில் படலத்தின் ஒரு முனையை உரித்துக் காட்டும்படி கேட்பது நல்லது. தயங்காமல் உரித்துக் காட்டும் விற்பனையாளரிடம் மேற்கொண்டு விலை பேசலாம்.