பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்

கோயமுத்தூரில் கிரைண்டர் என்றாலே இட்லி மாவுதான் ஞாபகம் வரும். நான் சொல்ல வந்தது அதை அல்ல. மில்லிங் கட்டர், ரீமர், எண்ட் மில் இதற்கெல்லாம் சாணை பிடிக்கிற டூல் அண்ட் கட்டர் கிரைண்டர். சின்னப் பட்டறைக்காரர்கள் இதைச் செகண்ட் ஹேண்டில் வாங்குகிற லட்சணத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அதற்குத்தான் இந்தப் பதிவு.

"பி.காம் படிக்கிறவனுக்குப் பட்டறையில் என்னடா வேலை?" என்று கிளாஸில் கேட்பார்கள். மாமா பட்டறைக்கு மூன்று வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். இரும்பைப் பற்றி முழுசாகத் தெரியாது. ஆனால் எந்த இரும்பு காசை முழுங்குகிறது என்று தெரியும்.

நம்ம ஆட்கள் எப்படி வாங்குகிறார்கள்? முதலில் பெயர்ப்பலகை. 1953-ல் பெங்களூரில் தொடங்கிய ஹெச்.எம்.டி.யா, 1943-ல் செகந்திராபாத்தில் தொடங்கிய பிராகாவா என்று பார்ப்பார்கள். அடுத்து பெயிண்ட். அப்புறம் எடை, "நல்ல கனம்ப்பா, அந்தக் காலத்து வார்ப்பு". கடைசியில் பேரம். ஐயாயிரம் குறைத்துவிட்டால் வெற்றி! மெஷினோடு வர வேண்டிய இணைப்புகள் எங்கே என்று கேட்டால், "அதெல்லாம் அப்புறம் தேடிக்கலாம்" என்பார்கள். அந்த "அப்புறம்" பெரும்பாலும் வருவதே இல்லை.

இது ஏன் தப்பு? லேத் டூலைப் பெஞ்ச் கிரைண்டரில் கையில் பிடித்தே தீட்டிவிடலாம். மில்லிங் கட்டர் அப்படி இல்லை. அதன் பற்கள் எல்லாம் ஒரே உயரத்தில், ஒரே கோணத்தில் இருக்க வேண்டும். ஒரு பல் மட்டும் தூக்கி நின்றால் மொத்தச் சுமையும் அதன் தலையில்தான். ஃபினிஷ் கெடும், பல்லும் உடையும். 50 மி.மீ. கட்டருக்கு 6 டிகிரி கிளியரன்ஸ் வேண்டும், கப் வீலில் தீட்டுகிறோம் என்று வையுங்கள். பல்லைத் தாங்கும் டூத் ரெஸ்டை மையத்திலிருந்து சுமார் 2.6 மி.மீ. கீழே வைக்க வேண்டும். கட்டரின் ஆரத்தைக் கோணத்தின் சைனால் பெருக்கினால் வருவது இது, பிளஸ் டூ கணக்குதான். அந்த டூத் ரெஸ்டே இல்லாத மெஷினில் இந்த 2.6-ஐ எங்கே வைப்பீர்கள்?

ரீமருக்கு இரண்டு பக்கமும் சென்டர் வேண்டும். எண்ட் மில்லுக்கு ஒர்க் ஹெட்டும் அளவுக்கேற்ற ஸ்லீவும் வேண்டும். இவை இல்லாத கட்டர் கிரைண்டர் வெறும் மோட்டார் வைத்த மேஜை. ஒரு பேச்சுக்கு, மொட்டை மெஷின் 60,000, முழு செட் 1,00,000 என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் 40,000 மிச்சம் என்பார்கள். நான் 60,000 நஷ்டம் என்கிறேன். வேலை செய்யாத சொத்து சொத்தே இல்லை. பிராகா இன்று தனி நிறுவனமாகவும் இல்லை. விட்டுப்போன ஒர்க் ஹெட்டை நீங்களும் பழைய சந்தையில்தான் தேட வேண்டும். தேடும் மாதங்களிலும் கடனுக்கு வட்டி ஓடும்.

அப்புறம் உடம்பு. பெயிண்டைப் பார்க்காதீர்கள், டயல் கேஜ் கொண்டு போங்கள். வீலைக் கழற்றி ஸ்பிண்டிலைக் கையால் சுற்றி ஆட்டம் பாருங்கள். அரை மணி நேரம் ஓட்டிச் சூட்டையும் சத்தத்தையும் கவனியுங்கள். மேஜையை முழு நீளத்துக்கும் கையால் தள்ளுங்கள். நடுவில் லொடலொட, ஓரத்தில் இறுக்கம் என்றால் ஸ்லைடு நடுவில் தேய்ந்திருக்கிறது. "வீல் ஃப்ரீ" என்று பழைய சாணைக்கல்லைத் தலையில் கட்டினால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்காத கல்லை மாட்டவே கூடாது. உயிர் ஃப்ரீ இல்லை.

இப்போது என் ஏரியா. "பில் வேண்டாம் சார், கேஷ் குடுங்க, குறைச்சுத் தர்றேன்." 2017 நிதிச் சட்டம் கொண்டுவந்த மாற்றப்படி, ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகை சொத்தின் அடக்க விலையில் சேராது. சேராததற்குத் தேய்மானம் கிடையாது. இயந்திரங்களுக்குப் பொதுவாகக் கிடைக்கும் 15% கழிவு போச்சு. அவர் குறைத்த விலையை நீங்கள் வருமான வரியில் கட்டுவீர்கள்.

"வெளியே கொடுத்துச் சாணை பிடித்தால் போதாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மாதத்துக்கு நாலு கட்டர் மழுங்குகிறவர் வெளியேதான் கொடுக்க வேண்டும். முழுக்க இன்செர்ட் கட்டரில் ஓட்டுகிறவருக்கும் இந்த மெஷின் தேவையில்லை, இன்செர்ட்டைத் திருப்பிப் போட்டால் முடிந்தது. போன வருஷம் சாணைக்குக் கொடுத்த பில்களைக் கூட்டுங்கள். சாணைக்குப் போன கட்டர் வராமல் மெஷின் சும்மா நின்ற நாட்களையும் சேருங்கள். அந்தத் தொகை வட்டியைத் தாண்டினால் மட்டும் வாங்கக் கிளம்புங்கள்.

கிளம்பினால் ஒன்று செய்யுங்கள். விலை பேசும் முன் இணைப்புகள் எல்லாவற்றையும் தரையில் பரப்பச் சொல்லுங்கள். உங்கள் மழுங்கின கட்டர் ஒன்றைக் கொண்டு போய் அங்கேயே தீட்டிக் காட்டச் சொல்லுங்கள். தீட்ட முடியாவிட்டால் அது மெஷின் இல்லை, பழைய இரும்பு. கிலோ விலைக்குக் கேளுங்கள், பேரீச்சம்பழமாவது மிஞ்சும் :-)

பட்டறைக்காரர்கள் யாராவது படித்தால் பின்னூட்டத்தில் வந்து திட்டலாம். கையில் கணக்கு நோட்டோடு வாருங்கள், பேசுவோம்.