யந்திரத்தின் மீதா குற்றம்?

ஒரு கம்பெனிக்குப் புதிதாக ஒரு குமாஸ்தா வருகிறான். மகா கெட்டிக்காரன். படிக்காத புத்தகம் கிடையாது. ஆனால், அந்த ஆபீசில் எந்த பீரோவில் என்ன இருக்கிறது என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. பீரோவின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துத்தான் திறக்க வேண்டும். சீட்டில் "காகிதங்கள்" என்று மொட்டையாக எழுதியிருந்தால் அவன் என்ன செய்வான்? கைக்கு அகப்பட்டதைத் திறப்பான். பிறகு அவனுக்குக் கிடைக்கும் பட்டம், மடையன்!

கம்ப்யூட்டர் நிரல்களைப் பராமரிக்க இப்போது அமர்த்தப்படும் 'ஏ.ஐ. ஏஜெண்டு'களின் கதியும் இதுதான்.

நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையை ஒரு களஞ்சியத்தில் சேர்த்து வைக்கிறார்கள். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதெல்லாம் அதில் பதிவாகும். இதற்கான 'கிட்' என்னும் ஏற்பாட்டை 2005-ல் உருவாக்கியவர், லினக்ஸ் புகழ் லினஸ் டோர்வால்ட்ஸ். அப்படிப்பட்ட களஞ்சியங்களை இணையத்தில் வைத்துக்கொள்ள 2008-ல் வந்தது 'கிட்ஹப்'. அதை 2018-ல் மைக்ரோசாப்ட் கம்பெனி 750 கோடி டாலருக்கு வாங்கியது.

களஞ்சியத்தில் வேலை செய்ய ஏஜெண்டுக்குச் சில கருவிகள் கொடுக்கப்படுகின்றன. புகார்களைப் பட்டியலிட ஒன்று, கோப்பைத் திருத்த ஒன்று, இப்படி. கருவியின் வயிற்றுக்குள் இருக்கும் நிரல் ஏஜெண்டுக்குத் தெரியாது. தெரிவதெல்லாம் கருவியின் பெயர், ஒரு விளக்கக் குறிப்பு, தர வேண்டிய விவரங்களின் ஜாபிதா, அவ்வளவே. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்ற பொது விதிமுறையிலும் ஏற்பாடு இதுவே.

ஆக, குறிப்புதான் கண். அதை எழுதுகிறவர் யார்? கருவியைச் செய்த என்ஜினீயர். எப்போது எழுதுகிறார்? எல்லா வேலையும் முடிந்து, வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில்!

முப்பதுதானா?

"தீராத புகார்கள் எத்தனை?" என்று நிர்வாகி கேட்கிறார். ஏஜெண்டு கருவியை இயக்கிப் பார்த்துவிட்டு, "30" என்கிறது. நிர்வாகிக்குப் பரம திருப்தி.

உண்மையில் 400 இருக்கலாம். கிட்ஹப்பின் 'ரெஸ்ட்' வாசலில் போய்க் கேட்டால், சும்மா கேட்பவருக்கு ஒரு பக்கத்துக்கு 30 தான் கிடைக்கும். குறிப்பிட்டுக் கேட்டால் 100 வரை கிடைக்கும். மீதி அடுத்தடுத்த பக்கங்களில். இதில் இன்னொரு வேடிக்கை. அந்த வாசலின் கணக்கில், 'புல் ரிக்வெஸ்ட்' எனப்படும் திருத்த விண்ணப்பமும் ஒரு புகார்தான்! இரண்டும் கலந்தே வரும். "புகார்களைப் பட்டியலிடும்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனவர் இதில் எதைச் சொன்னார்?

இதைவிட விபரீதம், 'இல்லை' என்ற பதில். அனுமதி இல்லாதவர் ஒரு தனியார் களஞ்சியத்தைக் கேட்டால், கிட்ஹப் "உனக்கு உரிமை இல்லை" என்று சொல்வதில்லை. "அப்படி ஒன்றே இல்லை" என்று 404-ஐ நீட்டும். வெளியாருக்கு ரகசியம் தெரியக்கூடாது என்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஏஜெண்டு அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, அதே பெயரில் புதிதாக ஒரு களஞ்சியம் திறக்கப் புறப்பட்டால்?

அபாயமான ஒரு சொல்

ஒரு கிளையைப் புதுப்பிக்கும் கருவியில் 'போர்ஸ்' என்று ஒரு விவரம் உண்டு. சாதாரணமாக அது 'இல்லை' என்றே இருக்கும். மற்றவர்கள் சேர்த்த வேலை அழியும் என்றால், களஞ்சியம் மறுத்துவிடும். 'ஆம்' என்று மாற்றினால் மறுப்பு இல்லை. பிறர் வேலை அந்தக் கிளையிலிருந்து போய்விடும். குறிப்பில் "போர்ஸ்: ஆம் அல்லது இல்லை" என்று மட்டும் இருந்தால், ஒரு முறை மறுக்கப்பட்ட ஏஜெண்டு அடுத்து எதை முயலும்? சொன்ன வேலையை முடிக்கத் துடிக்கும் சிப்பந்தி அல்லவா அது!

இதற்காகவே 2025 மார்ச் விதிமுறையில், 'படிக்க மட்டும்', 'அழிக்கக்கூடியது' என்று கருவிகளுக்கு முத்திரை குத்தும் வழி வந்தது. நல்ல காரியம். ஆனால் அவை வெறும் சைகைகளே. நம்பிக்கைக்கு உரிய இடத்திலிருந்து வராவிட்டால் நம்பக்கூடாது என்று விதிமுறையே சொல்கிறது. முத்திரை குத்தியாயிற்று என்று குறிப்பைச் சுருக்கிவிடுவது சோம்பேறித்தனம்.

அதற்காக வளவளவென்று எழுதுவதும் தப்பு. ஐம்பது கருவிகள் இருந்தால், வேலை தொடங்குமுன் ஐம்பது குறிப்புகளும் ஏஜெண்டின் முன் வந்து குவியும். "மிகவும் சக்தி வாய்ந்த, நவீனமான கருவி" என்ற விளம்பரமெல்லாம் அங்கே வெறும் பாரம்.

மேற்படி கிளைக் கருவிக்கு எவ்வளவு எழுதினால் போதும்? "கிளையின் நுனியைப் புதிய பதிவுக்கு நகர்த்தும். 'போர்ஸ்' ஆம் என்றால் பிறர் வேலை கிளையிலிருந்து நீங்கும். உரியவர் வெளிப்படையாகச் சொன்னாலன்றிப் பயன்படுத்தாதே. மறுப்பு வந்தால் முதலில் புதிய பதிவுகளை வாங்கிச் சேர்த்துக்கொள்." எழுதி முடிக்க ஐந்து நிமிஷம் ஆகுமா?