விதை கிடைக்கிறது, நிலம் கிடைப்பதில்லை

கேரளத்தில் வீட்டுத்தோட்டத்திற்கு விதை பெறுவது கடினமன்று. 'ஓணத்திற்கு ஒரு முறம் காய்கறி' என்னும் திட்டத்தின்கீழ் மாநில வேளாண் துறையே விதையும் நாற்றும் வழங்கி வருகிறது. ஆயினும் ஒட்டன்சத்திரத்திலிருந்து காய்கறி லாரிகள் வந்தவண்ணமே உள்ளன. மட்டாஞ்சேரியைப் பொறுத்தவரை காரணம் வெளிப்படை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளும் பழைய சரக்குக் கிடங்குகளும் நெருங்கிய இவ்வூரில் பலருக்கு முற்றமே இல்லை. இங்குத் தோட்டம் என்றால், பலர் கூடிப் பிறர் நிலத்தில் போடும் தோட்டமாகவே அது இருக்க முடியும்.

பிறர் நிலம் என்றதும் சட்டம் குறுக்கே வருகிறது. 1963ஆம் ஆண்டின் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் புதிய குத்தகைகளைத் தடை செய்கிறது. உழுதவருக்கு நிலம் தந்த அச்சட்டத்தை நாம் குறை கூறவில்லை. எனினும் அதன் விளைவாக, காலிமனை வைத்திருப்பவர் எதையும் எழுதித்தர அஞ்சுகிறார். வாய்ச்சொல்லால் வந்த நிலம் வாய்ச்சொல்லாலேயே போகிறது. ஒரு மாதத்தில் அறுவடைக்கு வரும் கீரைக்கு அது போதும். வாழையும் முருங்கையும் வைக்க எவருக்குத் துணிவு வரும்? மணற்பாங்கான மண்ணில் ஆண்டுதோறும் தொழுவுரம் கொட்ட யார் முன்வருவர்?

1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தின் பெண்கள் இந்நிலையிலும் பயிர் செய்து காட்டியுள்ளனர். நான்கு முதல் பத்துப் பேர் கூட்டுப் பொறுப்புக் குழுவாகச் சேர்கின்றனர். நபார்டு வகுத்த இம்முறை, நிலப்பத்திரம் காட்ட இயலாத உழவர்களுக்கென்றே ஏற்பட்டது. ஒருவர் தவறினால் மற்றவர் செலுத்துவோம் என்னும் உறுதியே இதில் பிணை.

நகரத் தோட்டத்திற்கும் இதுவே அடித்தளமாக வேண்டும் என்பது நம் கருத்து. விதைக்கு முன் கணக்கு. குழுவின் பெயரில் சேமிப்புக் கணக்கும், இருவர் கையொப்பமிட்டுப் பணம் எடுக்கும் ஏற்பாடும் முதல் தேவை. யார் எந்நாளில் நீர் ஊற்றினார், எவ்வளவு விற்றது, எவ்வளவு பகிர்ந்தது என்று ஒரு பதிவேடும் வேண்டும். நான்கு பாத்தி வெண்டைக்குப் பதிவேடா என்று சிரிப்போர் உண்டு. கிணற்று நீர் உவர்த்து, குழாய் நீரைக் குடத்தில் சுமக்கும் ஏப்ரலில் அச்சிரிப்பு நின்றுவிடும். தோட்டத்துச் சண்டைகள் பெரும்பாலும் காயைப் பற்றியன்று, நீரைப் பற்றியே எழுகின்றன. நிலம் கேட்டு வேறொருவரை அணுகும்போதும் அப்பதிவேடே குழுவின் நற்சான்று.

ஆயினும் நிலம் தருவது யார்? கொங்கணியரும் குஜராத்தியரும் கச்சி மேமன்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் மட்டாஞ்சேரியில் வழிபாட்டிடங்களுக்கும் பள்ளிகளுக்கும் அறக்கட்டளைகளுக்கும் குறைவில்லை. சுற்றுச்சுவருக்குள் சும்மா கிடக்கும் ஐந்து சென்ட்டைத் தனியொரு மனைக்காரரைவிட இவர்கள் அச்சமின்றித் தரலாம். குத்தகையாக அன்று, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அனுமதியாக, வழக்கறிஞரைக் கலந்து எழுதிக்கொள்வது நலம்.

தென்மேற்குப் பருவமழை தணிந்து செப்டம்பர் இறுதியில் நாற்று நட வேண்டுமெனில், இப்பேச்சை மழை தொடங்கும் ஜூனிலேயே தொடங்கியாக வேண்டும்.