சதுப்புக் கரையில் சுவருக்கு அனுமதி

கழியோரத்தில் வீடு கட்டிக் குடியிருப்போருக்குக் கரை அரிப்பு வெறும் ஏட்டுப் பிரச்சினையன்று. விலை கொடுத்து வாங்கி வரி செலுத்திவரும் நிலம் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நீரில் கரைவதை அவர்கள் கண்ணாரக் காண்கின்றனர். அதைத் தடுக்கச் சுவர் எழுப்ப அவர்கள் விரும்புவது இயல்பே. ஆயினும், வீட்டு நிலத்துக்கும் நீருக்கும் இடையே ஓதம் ஏறி இறங்கும் உவர்ச் சதுப்பு அவர்களுடைய நன்மைக்கு மட்டும் அமைந்ததன்று. மீனுக்கும் நண்டுக்கும் அது நாற்றங்கால். அண்டை வீட்டாருக்கும் அதுவே அரண். ஒருவருடைய உடைமையைக் காக்கும் வேலைக்கு அனுமதி அளிக்கையில் பலருக்கும் உரிய இச்செல்வம் அழியாதிருக்க வழி என்ன என்பதே கேள்வி.

இக்கேள்வியை நெடுங்காலமாக எதிர்கொண்டுவரும் இடம், ஐக்கிய அமெரிக்காவின் கீழைக் கரையிலுள்ள செசப்பீக் விரிகுடா. மேரிலாந்து, வர்ஜீனியா ஆகிய இரு மாநிலங்களினூடே பல கிளைகளாகப் பிரியும் இதன் கரைநீளம் சுமார் 18,800 கிலோமீட்டர். அதன் பெரும்பகுதி தனியார் உடைமை. மரப்பலகைச் சுவர்களும் கருங்கல் அடுக்குகளும் இக்கரையில் பல்லாண்டுகளாக எழுந்து வந்துள்ளன.

செங்குத்தான சுவர் அலையின் வேகத்தைத் தணிப்பதில்லை, திருப்பியடிக்கிறது. திரும்பும் அலை சுவரின் அடிமண்ணை அகழ்ந்து, முன்னால் உள்ள நீரை ஆழமாக்குகிறது. ஆழம் கூடிய இடத்தில் சதுப்புப் புல் வேரூன்றாது. கரை மண் கரைந்து சதுப்பை ஊட்டுவதும் நின்றுவிடுகிறது. சுவர் முடியும் முனையிலோ அடுத்த வீட்டுக்காரரின் நிலம் முன்னினும் விரைவாக அரிக்கப்படுகிறது. அவரும் சுவருக்கு மனுச் செய்கிறார். இவ்வாறு ஓர் அனுமதி மற்றோர் அனுமதியை ஈன்றெடுக்கிறது.

இதற்கு மாற்றாக வந்ததே ‘உயிர்க்கரை’ முறை. கரையைச் சரிவாக்கி மணல் நிரப்பி, ஸ்பார்ட்டினா இனப் புல்லை நட்டு, தேவையான இடத்தில் நீரினுள் தாழ்ந்த கல்வரப்பு அமைப்பது இதன் சாரம். புல்லின் தண்டுகள் அலையைத் தளர்த்துகின்றன. வேர்கள் மண்ணைப் பிணைக்கின்றன. எனினும் சட்டம் நெடுங்காலம் சுவருக்கே சாதகமாக இருந்தது. சுமார் 150 மீட்டர் வரையிலான கரைகாப்பு வேலைகள் மத்திய அரசின் பொது அனுமதி ஒன்றில் அடங்கின. புல் நட விரும்பியவரோ பல சமயங்களில் தனி அனுமதிக்காகக் காத்திருக்க நேர்ந்தது. உயிர்க்கரைக்கெனத் தனியே ஒரு பொது அனுமதி 2017இல்தான் வந்தது.

மேரிலாந்து மாநிலம் 2008இல் இயற்றிய சட்டம் இந்நிலையைத் தலைகீழாக்கியது. உயிர்க்கரையே பொது விதி. அது தம் நிலத்தில் இயலாது என்று காட்டுவது சுவர் வேண்டுவோரின் பொறுப்பு. 2011இல் உயிர்க்கரையை விரும்பத்தக்க முறையெனக் கொண்ட வர்ஜீனியா, 2020இல் அதனையே விதியாக்கியது. நிரூபிக்கும் பொறுப்பைச் சதுப்பின்மேல் சுமத்தாமல் சுவரின்மேல் சுமத்திய இம்மாற்றமே சரியானது.

‘புல் புயலைத் தாங்குமா?’ என்று வினவுவோர் உண்டு. 2011இல் ஐரீன் சூறாவளி தெற்கே வட கரோலைனா மாநிலத்தைத் தாக்கியது. அதன்பின் நடந்து 2014இல் வெளியான ஆய்வின்படி, காற்றின் வேகம் மிக்க பகுதியில் பார்வையிடப்பட்ட தடுப்புச் சுவர்களில் 76 சதவீதம் சேதமுற்றிருந்தன. ஏனைய கரைகாப்பு முறைகளில் சேதம் காணப்படவில்லை. சூறாவளி கரையேறிய இடத்தை அடுத்த சதுப்புகளின் தரைமட்டம் தாழவில்லை. குறைந்த புல்லும் ஓராண்டுக்குள் பழைய அடர்த்தியை எய்தியது. அச்சூறாவளி முதல் வகையைச் சேர்ந்தது. கடும்புயல் அனைத்துக்கும் இதுவே சான்றாகாது. ஆயினும் சுவரே உறுதியானது என்ற நம்பிக்கை ஆட்டங்காண இது போதும்.

உயிர்க்கரை எங்கும் பொருந்தும் என்பதற்கில்லை. மிகுந்த அரிப்புக்கும் வலிய ஓதத்துக்கும் உள்ளான இடங்கள், புல் வளரப் போதிய அகலமற்ற இடங்கள் ஆகியவற்றுக்கு மேரிலாந்துச் சட்டமே விலக்களிக்கிறது. கல்வரப்பும் நீரடித்தரையில் ஒரு பகுதியை மூடிவிடுகிறது. ஆகவே அளவறிந்து அனுமதிப்பது அவசியம். அன்றியும், சுவருக்கு மறுப்பு மட்டும் கூறி, மாற்று முறைக்கு ஆலோசனையோ விரைந்த முடிவோ அளிக்காத அலுவலகம், வீட்டுக்காரரைச் சட்டத்தை மீறவே தூண்டும்.

மற்றொரு குறையும் கவனிக்கத்தக்கது. சதுப்பைத் தொடாமல் அதன் பின்புறத்தில் எழும் சுவர் தீங்கற்றதாகத் தோன்றும். ஆனால், கடல்மட்டம் உயருந்தோறும் சதுப்பு நிலத்தை நோக்கிப் பின்வாங்கியாக வேண்டும். சுவர் வழிமறித்தால் அது நீருக்கும் சுவருக்கும் இடையே நெருக்குண்டு மூழ்கும். ஆகவே இன்றைய நீர்க்கோட்டை மட்டும் அளந்து அளிக்கும் அனுமதி பாதி அனுமதியே.

நம் நாட்டில் 2011, 2019ஆம் ஆண்டுகளின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைகள் உவர்ச் சதுப்பை மிகுந்த பாதுகாப்புக்குரிய முதல் வகையில் வைத்துள்ளன. அரிப்புத் தடுப்பு வேலைகளுக்கும் இடமளிக்கின்றன. நம் கரைகளின் அலையும் மண்ணும் தாவரமும் வேறு. செசப்பீக்கின் புல்லை இங்குக் கொணர்ந்து நடுவது அறிவுடைமையாகாது. கொள்ளத்தக்கது அங்குள்ள நெறியே. மனு வந்ததும், சுவர் எத்தனை அடி என்று கேட்குமுன், சுவரின்றி முடியாதா என்று களப் பணியாளர் கேட்க வேண்டும். அடுத்த நிலத்தையும் சதுப்பின் பின்புறத்தையும் நடந்து பார்க்க வேண்டும். சதுப்பு தரிசன்று, அதுவும் ஒரு கரைகாப்பே என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு உணர்த்த வேண்டும். இவ்விரு பணிகளும் நிகழாவிடின், சட்டம் எவ்வளவு நன்றாயினும், சதுப்பு சிறுகச் சிறுக அனுமதியுடனேயே அழியும்.