அடைக்கலமாக வந்த நாய்

தீபாவளி கழிந்து ஆறு நாளாயிற்று. ஊரார் மிஞ்சிய பட்சணத்தைத் தின்று தீர்த்துக்கொண்டிருக்க, அருப்புக்கோட்டை வாலிபர்கள் ஐவர் மட்டும் ஒரு நாயைத் தேடித் திருச்சுழிச் சாலையில் அலைந்துகொண்டிருக்கிறார்கள். தெருவில் அடிபட்டுக் கிடந்த அந்த நாய்க்கு வைத்தியம் செய்து, அதை நிரந்தரமாக வளர்க்க யாரேனும் முன்வரும் வரையில், தங்களில் ஒருவர் வீட்டில் அடைக்கலமாக வைத்திருந்தார்கள். வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. சிவகாசிச் சரக்கு வாசலில் வெடித்த மாத்திரத்தில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய நாய், சீமைக் கருவேலங்காட்டுக்குள் மறைந்துவிட்டது.

நமது திண்ணைக்கு வரும் பெரியவர் ஒருவர், "சொந்த நாயா, காசு கொடுத்து வாங்கியதா? பன்னிரண்டு நாள் சோறு போட்டதற்கு இத்தனை அமர்க்களமா, வாத்தியாரே? நாய் என்றால் தானே வீடு திரும்பாதா?" என்று கேட்டார்.

வீடுள்ள நாய் திரும்பும், சந்தேகமில்லை. 2024-ஆம் ஆண்டில், கர்நாடகத்துப் பெலகாவி ஜில்லாவைச் சேர்ந்த யமகர்னி கிராமத்து நாய் ஒன்று, பண்டரிபுர யாத்திரை சென்றவரைப் பின்தொடர்ந்து போய், அங்கே கூட்டத்தில் தவறிவிட்டது. 'மகாராஜ்' என்று பெயர் கொண்ட அந்த நாய், ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தூரத்தைத் தனியே கடந்து ஊர் வந்து சேர்ந்தது. கிராமத்தார் அதற்கு மாலை சூட்டி விருந்தும் வைத்தார்கள்.

ஆனால் அடைக்கலமாக வந்த நாய்க்குத் திரும்பிவர வீடு ஏது? புதிதாக இட்ட பெயர் அதன் காதில் இன்னும் பதியவில்லை. சோறு வைத்த கையின் வாசனை பழகுமுன்னே வெடிச் சத்தம் வந்துவிட்டது. அது தானாக வராது. ஆகையினாலேயே நாம் போய்த் தேட வேண்டியிருக்கிறது. பெரியவருக்கு நாம் சொன்ன பதில் இதுதான்.

வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. முதல் மூன்று நாளும் அவர்கள் நாயைக் கண்டபோதெல்லாம் கூவியழைத்துக்கொண்டு பின்னால் ஓடினார்கள். அவர்கள் ஓட ஓட, அதுவும் ஓடிற்று. அஞ்சிய பிராணிக்குத் துரத்துகிறவன் நண்பனா பகைவனா என்று எப்படித் தெரியும்?

அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து 'ஸ்கிரிம்' என்னும் சிறு நாயின் கதையும் இப்படித்தான். 2024 ஏப்ரலில் அது புதிதாகப் புகுந்த வீட்டை விட்டு ஓடிற்று. மிஷெல் ஷெராமி என்ற அம்மையாரும் தொண்டர்களும் வலையும் மயக்க மருந்துமாக மாதக்கணக்கில் தேடினார்கள். அக்டோபரில் பிடிபட்டது, நவம்பரில் மாடி ஜன்னலிலிருந்து குதித்து மறுபடியும் ஓடிவிட்டது. முடிவில், 2025 பிப்ரவரியில், பூனைக்கென்று வைத்திருந்த கூண்டில் தானாகவே போய் அகப்பட்டுக்கொண்டது!

ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில் 2023 நவம்பரில் 'வாலரி' என்ற குட்டைக்கால் நாய் காணாமற் போயிற்று. காங்கலா வனவிலங்கு மீட்பு நிலையத்தார் அதற்காக 1,000 மணி நேரத்துக்கு மேல் உழைத்து, 5,000 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்தார்கள். அது நடமாடும் இடத்தைக் காமிராவினால் அறிந்து, கூண்டு வைத்து, அதைச் சுற்றி உடையவளின் சட்டைத் துணியைத் துண்டு துண்டாகப் போட்டு, தூரத்திலிருந்தபடி காத்திருந்தார்கள். 529 நாள் கழித்து, 2025 ஏப்ரலில் வாலரி கிடைத்தது.

நமது கரிசற் பூமியில் காமிராவைக் காட்டிலும் கூர்மையான கண்கள் இருக்கின்றன. கிடை போடும் கீதாரிகளும், கரிமூட்டம் போடுகிறவர்களும், விடியலில் காட்டு வேலைக்குப் போகும் பெண்களும் அறியாத புது நாய் இந்தச் சீமையில் இராது. ஆனால் ஆட்டு மந்தையருகே அயல் நாயைக் கண்டால் கீதாரி கல்லைத்தான் எடுப்பார். குட்டிகளைக் காக்க வேண்டியவர் அவர், குற்றம் சொல்லலாகாது. ஆதலால் முதலில் அவரிடம் நாயின் அடையாளத்தையும் உங்கள் தொலைபேசி எண்ணையும் கொடுத்து, "கண்டால் விரட்டாமல் சொல்லி அனுப்புங்கள்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். மழை பிந்திய வருஷத்தில் தண்ணீர் கிடக்கும் இடங்கள் சிலவே. கண்மாய்க் கரையிலும் ஊருணியருகிலும் தீனியும் பழகிய துணியும் வைத்துவிட்டு, ஒதுங்கி இருங்கள்.

குழந்தைகள் பிடிக்கப் போக வேண்டாம். பயந்த நாய் கடிக்கும். கடித்துவிட்டால் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

நேற்று மாலை, குண்டாற்றுப் பக்கம் கிடை போட்டிருக்கும் கீதாரி ஒருவர், கழுத்தில் அறுந்த கயிற்றோடு ஒரு நாயைக் கண்டதாகச் சொல்லி அனுப்பினார். கல்லெடுக்கவில்லையாம். இரவே அங்கே கூண்டு வைத்தாயிற்று. இதை எழுதும் வரையில் நாய் வரவில்லை.

இன்று காலை பெரியவர் வழக்கத்துக்கு முன்னதாகவே திண்ணைக்கு வந்துவிட்டார். "கூண்டில் என்ன வைத்திருக்கிறார்கள்? வெறும் சோறா? இரண்டு துண்டு கருவாட்டைச் சுட்டு வைக்கச் சொல்லுங்கள், வாத்தியாரே. வாசனை தூரம் போகும்" என்றார்.