மாடு வளர்ப்போரின் பொறுப்பு

பந்தயக் குதிரையின் தீனி, குளம்பு, காயம் ஆகிய அனைத்திற்கும் அதன் பயிற்றுநரே பொறுப்பாளர். குதிரையின் சிறுநீரில் தடைசெய்யப்பட்ட மருந்து காணப்பட்டால் அவரே பதில் கூற வேண்டும். "எனக்குத் தெரியாது" என்று அவர் எளிதில் தப்ப முடியாது.

கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் தோட்டப்புற மக்களுக்குக் குதிரையைவிட மாடே நெருக்கமானது. ரப்பர் மரக் காலத்தில் லயத்துக் குடும்பங்கள் பலவற்றிற்குப் பால் விற்ற காசு கைகொடுத்தது. அம்மாடுகளுக்கும் பொறுப்பாளர் தேவை. ஆனால், காலையில் கயிற்றை அவிழ்த்துவிட்டால் கடமை முடிந்தது எனச் சிலர் எண்ணுகின்றனர். அவிழ்த்துவிட்ட மாடு களைக்கொல்லி தெளித்த புல்லை மேய நேரிடும். குப்பையிலுள்ள நெகிழிப் பையை விழுங்கும். இரவில் அது சாலையில் படுத்தால், மோட்டார் சைக்கிளில் வருபவரின் உயிருக்கும் ஆபத்து.

மேய்ச்சல் நிலம் குறைந்துவிட்டது, தீவன விலை ஏறிவிட்டது என்பது வளர்ப்போரின் குறை. அது நியாயமானதே. ஆயினும், நான்கு மாடுகளைப் பேண இயலாதவர் இரண்டை வளர்க்கலாம். கறவைப் பசுவுக்கு நாளொன்றுக்கு 60 லிட்டருக்கு மேல் தண்ணீர் தேவைப்படலாம். கோமாரி நோய்க்குத் தடுப்பூசி உண்டு. அதற்குக் கால்நடைச் சேவைத் துறையை நாடலாம்.

தகுந்த உணவும் இருப்பிடமும் நோய்ப் பாதுகாப்பும் அளிப்பது உரிமையாளரின் கடமை என 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் கூறுகிறது. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசி மாலையிடுவோர், ஆண்டு முழுவதும் அதன் தண்ணீர்த் தொட்டியையும் கவனிக்க வேண்டும்.