கோவண்டிக்கு எட்டாத மிதிவண்டிப் பாதை

மும்பையின் தென்கோடியிலிருந்து புறப்படும் கிழக்கு விரைவுச்சாலை, செம்பூரைக் கடந்து கோவண்டியின் எல்லையில் வந்து முடிகிறது. 2013-ல் திறக்கப்பட்ட அந்தச் சாலையில் மிதிவண்டிக்கு அனுமதி கிடையாது. 2024-ல் திறக்கப்பட்ட மேற்குப் பகுதிக் கடற்கரைச் சாலையிலும் இதே தடைதான். விரையும் மோட்டார் வாகனங்களுக்கு நடுவே மிதிவண்டியை அனுமதிப்பது உயிருக்கு ஆபத்து என்கிற காரணத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், தடை விதித்தவர்கள் மாற்று வழி எது என்று சொல்லவில்லை. குப்பை லாரிகளும் சரக்கு லாரிகளும் இரவு பகலாக ஓடும் காட்கோபர் - மான்குர்ட் இணைப்புச் சாலைதான் கோவண்டியின் மிதிவண்டிக்காரர்களுக்கு வாய்த்திருக்கிறது.

யார் இந்த மிதிவண்டிக்காரர்கள்? விடியற்காலையில் பேக்கரியிலிருந்து பாவ் ரொட்டியைத் தெருத்தெருவாகக் கொண்டு செல்பவர்கள். பால் கேன்களைத் தொங்கவிட்டுச் செல்பவர்கள். பழைய இரும்பும் பிளாஸ்டிக்கும் சேகரிப்பவர்கள். தாராவியில் அவித்த இட்லியை அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி, ரப்பர் ஹாரனை அழுத்தியபடி அடுக்குமாடிக் குடியிருப்புகளைச் சுற்றிவரும் தமிழர்கள். உடற்பயிற்சிக்காகவோ சுற்றுச்சூழல் அக்கறையினாலோ இவர்கள் மிதிவண்டி ஓட்டவில்லை, பிழைப்புக்காக ஓட்டுகிறார்கள். வேளாண்மை, வீட்டுத்தொழில் அல்லாத பிற வேலைகளுக்குச் செல்லும் இந்தியர்களில் ஏறத்தாழ 13 சதவீதம் பேர் மிதிவண்டியில் செல்வதாக 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தெரிவித்தது. அப்போது இருசக்கர மோட்டார் வாகனத்தில் சென்றவர்களும் ஏறக்குறைய அதே அளவினர்தான்.

மோட்டார் வாகனமே நுழையாத மிதிவண்டிப் பாதை ஒன்றை மும்பை மாநகராட்சி திட்டமிடாமல் இல்லை. தான்சா ஏரியிலிருந்து நகருக்கு நீர் கொண்டுவரும் ராட்சதக் குழாய்களின் ஓரமாக, முலுண்டிலிருந்து சயான் வரையிலான தடத்தை மையமாகக் கொண்டு 39 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாதை அமைக்கும் திட்டம் 2017-ம் ஆண்டுவாக்கில் அறிவிக்கப்பட்டது. தொடக்கத்தில் சுமார் 300 கோடி ரூபாய் என்று மதிப்பிடப்பட்ட அத்திட்டத்தின் செலவு பின்னர் உயர்ந்தது. அறிவித்த காலத்துக்குள் பணி முடியவும் இல்லை.

திட்டத்தின் அடிப்படை எண்ணம் போற்றத்தக்கது. ஒரு தொழிலுக்காகவோ சேவைக்காகவோ என்றோ வகுக்கப்பட்ட தடத்தை மக்கள் நடமாட்டத்துக்குத் திறந்துவிடுவது உலகில் பல இடங்களில் நற்பயன் அளித்திருக்கிறது. இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வால் இதற்குச் சிறந்த சான்று. செம்பும் வெள்ளீயமும் வெட்டியெடுத்த அந்தப் பகுதியில், 1809-ல் தொடங்கப்பட்ட போர்ட்ரீத் டிராம் பாதையில் குதிரைகள் தாதுவை இழுத்தன. தென்கடற்கரையை நோக்கி இன்னொரு ரயில் பாதை 1915 வரை இயங்கியது. கடைசி வெள்ளீயச் சுரங்கமான சவுத் கிராஃப்டி 1998-ல் மூடப்பட்டது. பழைய தாதுத் தடங்கள் இன்று சரளை பரப்பிய மிதிவண்டிப் பாதைகளாகியுள்ளன. போர்ட்ரீத் முதல் டெவோரன் வரை சுமார் 18 கிலோமீட்டர் தொலைவை, பெரும்பாலும் மோட்டார் வாகன நெருக்கடி இல்லாமலேயே கடக்கலாம். அப்பகுதியின் சுரங்க நிலவியலை 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அங்கும் சரளை கொட்டியதோடு வேலை முடிந்துவிடவில்லை. அந்தப் பாதை செல்லும் கார்னன் பள்ளத்தாக்கில், கைவிடப்பட்ட வீல் ஜேன் சுரங்கத்திலிருந்து 1992 ஜனவரியில் உலோகக் கழிவு கலந்த நீர் பெருக்கெடுத்து ஆற்றையே நிறம் மாற்றியது. அந்த நீரைச் சுத்திகரிக்கும் பணி அதன்பின் பல்லாண்டுகளாகத் தொடர்கிறது. தொழில் போனபின் மிஞ்சும் நஞ்சுக்கும் அரசு பொறுப்பேற்றால்தான் அந்நிலம் மக்களுக்குத் திரும்பக் கிடைக்கும் என்பது கார்ன்வால் தரும் பாடம்.

மும்பையில் நடந்தது வேறு. குடிநீர்க் குழாய்களின் இருபுறமும் 10 மீட்டர் வரை உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும் என்று 2009-ல் மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. குடிநீரின் பாதுகாப்பு கருதிய அந்த உத்தரவைக் குறைகூற இயலாது. ஆனால், வீடிழந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அனுப்பப்பட்ட இடம் மாஹுல். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் ரசாயனக் கிடங்குகளும் சூழ்ந்த இடம் அது. அங்குள்ள காற்று மாசு மக்களின் உடல்நலத்துக்கு அச்சுறுத்தலாக இருப்பதை தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-லேயே சுட்டிக்காட்டியது. அதன் பிறகும் குடும்பங்கள் அங்கேயே அனுப்பப்பட்டன. 2019 செப்டம்பரில், மாஹுலில் வாழுமாறு யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும், மாற்று வீடு தரப்படும் வரை மாதம் 15,000 ரூபாய் வாடகை தர வேண்டும் என்றும் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

குழாயோரம் காலியான நிலத்தில் பூங்காவும் பாதையும். அங்கிருந்து எழுப்பப்பட்டவர்களுக்கு ஆலைப் புகை. மிதிவண்டிப் பாதையை வரவேற்பவர்கள் இந்தக் கணக்கின் இரண்டாவது வரியையும் படிக்க வேண்டும்.

இந்தக் கணக்கு தமிழர்களுக்குப் புதியதல்ல. நெருக்கடி நிலைக் காலமான 1976 மே மாதத்தில், அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்காக ஜனதா காலனி இடித்துத் தள்ளப்பட்டது. அதில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அவர்கள் கொண்டுபோய் விடப்பட்ட சதுப்பு நிலம்தான் இன்றைய சீத்தா கேம்ப். கோவண்டி, மான்குர்ட், சீத்தா கேம்ப் ஆகியவை அடங்கிய எம்-கிழக்கு வார்டு, 2009-ம் ஆண்டுக்கான மும்பை மனிதவள மேம்பாட்டு அறிக்கையில் நகரின் 24 வார்டுகளில் கடைசி இடத்தைப் பெற்றது. நகருக்கு வேண்டாதவையும் வேண்டாதவர்களும் வந்து சேரும் இடமாகவே இந்த வார்டு நடத்தப்பட்டு வந்திருக்கிறது.

இப்போது மூன்றாவது இடப்பெயர்வு காத்திருக்கிறது. 1927 முதல் மும்பையின் குப்பையைச் சுமந்துவரும் தேவ்னார் குப்பைமேட்டில் 124 ஏக்கரைத் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கு ஒதுக்க 2024-ல் மகாராஷ்டிர அரசு முடிவெடுத்தது. தாராவிக்குள்ளேயே வீடு பெறும் தகுதி இல்லாதவர்கள் என்று வகைப்படுத்தப்படுபவர்களைக் குடியமர்த்த இதுபோன்ற நிலங்கள் தேடப்படுகின்றன. அங்கே குவிந்துள்ள சுமார் 185 லட்சம் டன் பழைய குப்பையை அகற்ற 2025-ல் மாநகராட்சி ஒப்பந்தப்புள்ளி கோரியது. கார்ன்வாலில் சுரங்க நீருக்குக் காட்டப்பட்ட பொறுமை இந்தக் குப்பைமேட்டுக்கும் காட்டப்படுமா என்பது முதல் கேள்வி. மண்ணும் நிலத்தடி நீரும் காற்றும் பாதுகாப்பானவை என்று தகுதிவாய்ந்த அமைப்பு சான்றளிக்கும் முன் ஒரு குடும்பத்தைக்கூட அங்கே குடியேற்றலாகாது.

இரண்டாவது கேள்வி, அன்றாடப் பிழைப்பைப் பற்றியது. தாராவி இட்லி வியாபாரியின் வாடிக்கையாளர்கள் மாதுங்காவிலும் சயானிலும் இருக்கிறார்கள். தேவ்னாரில் குடியேறினால், அதிகாலையில் ஏழெட்டு கிலோமீட்டர் தொலைவை லாரிகளுக்கு இடையே மிதித்தாக வேண்டும். குழாயோரப் பாதையோ செம்பூருக்கு மேற்கே காட்கோபர், சயான் வழியாகச் சென்றுவிடுகிறது. கோவண்டிக்கு அது எட்டவில்லை. மிதிவண்டியை அதிகம் நம்பியிருப்பவர்களின் வாசலுக்கு வராத பாதை, விடுமுறை நாளில் உலா வருபவர்களுக்கு மட்டுமே பயன்படும்.

தலைநகரில் வகுக்கப்படும் கொள்கைகளுக்குக் குறைவில்லை. சாலையின் இடத்தை வாகனங்களுக்கு அல்ல, மனிதர்களுக்கே பங்கிட வேண்டும் என்று 2006-ம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை கூறியது. 2020-ல் மத்திய அரசு நகரங்களிடையே மிதிவண்டிப் போட்டி ஒன்றை அறிவித்து, அடுத்த ஆண்டு 11 நகரங்களைத் தேர்வு செய்தது. நாகபுரியும் பிம்ப்ரி-சிஞ்ச்வடும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன, மும்பை இல்லை. ஆனால், கொள்கையை வகுத்த தில்லியிலேயே 2008-ல் பேருந்துத் தடத்தையொட்டி அமைக்கப்பட்ட மிதிவண்டிப் பாதை, அந்தத் தடத்தோடு சேர்த்து 2016-ல் அகற்றப்பட்டது. மும்பை பாந்த்ரா - குர்லா வளாகத்தின் மிதிவண்டித் தடம் வாகன நிறுத்துமிடமாக மாறி, அதை அகற்றிச் சாலையை அகலப்படுத்த 2025-ல் முடிவெடுக்கப்பட்டது. பாதைகள் பயன்படவில்லை என்பதை மிதிவண்டி மீதே குற்றமாகச் சுமத்துவது சரியல்ல. வேலைக்குச் செல்பவரின் வீட்டையும் வேலையிடத்தையும் இணைக்காத பாதை வெறிச்சோடிக் கிடப்பதில் வியப்பில்லை.

மும்பையில் இடமேது என்ற வாதம் எழக்கூடும். கோவண்டி ரயில் நிலையமே அதற்குப் பதில் சொல்லும். குர்லா - செம்பூர் ஒற்றைத் தடம் 1906-ல் அமைக்கப்பட்டபோது அதில் ஓடியவை குப்பை ரயில்கள். 1924-ல்தான் அது பயணிகளுக்குத் திறக்கப்பட்டு, பின்னர் நீட்டிக்கப்பட்டு, இன்று லட்சக்கணக்கானோரைச் சுமக்கும் ஹார்பர் வழித்தடத்தின் பகுதியாகியிருக்கிறது. குப்பைக்கு வழி காண முடிந்த நகரத்தால் உழைப்பவனின் மிதிவண்டிக்கு வழி காண முடியாது என்பதை ஏற்பதற்கில்லை.

செய்ய வேண்டியவை அரிய காரியங்கள் அல்ல. கோவண்டி ரயில் நிலையம், சிவாஜி நகர், சீத்தா கேம்ப் ஆகிய இடங்களைச் செம்பூர் வழியாகக் குழாயோரப் பாதையுடன் இணைக்க வேண்டும். அதற்குப் பளிங்குத் தளம் தேவையில்லை. மழைநீர் வடியும்படி இறுக்கப்பட்ட சரளைத் தளமே போதும். வியாபாரிகளின் நேரம் விடியலுக்கு முந்தையது என்பதால், பூங்கா நேரத்துக்குப் பூட்டித் திறக்காமல் விளக்கொளியுடன் நாள் முழுவதும் கட்டணமின்றித் திறந்திருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளைத் தடுக்கும் கம்பிகள் பால் கேனுடன் வரும் மிதிவண்டியையும் தடுத்துவிடாதபடி அமைய வேண்டும். தேவ்னாரில் வீடுகள் கட்டப்படுமானால், அந்த இணைப்பு வரைபடத்தில் மட்டும் இல்லாமல், முதல் குடும்பம் குடியேறும் நாளிலேயே தரையில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குழாயோரத்திலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களில் இன்னும் முறையான வீடு கிடைக்காதவர்களின் கணக்கை மாநகராட்சி வெளியிட்டு, அவர்களுக்கு உரியதை முதலில் வழங்க வேண்டும். பாதைக்கு நிலம் தந்தவர்கள் அவர்கள்தான்.